மடியில் இருந்த புரோட்டீன்

கொடைக்கானலுக்கு ஏறிக்கொண்டிருந்த பஸ் பாதி மலையில் நின்றது. ரோட்டின் குறுக்கே மரம் விழுந்து கிடந்தது. எனக்கு முன் சீட்டில் ஒரு பெண், மடியில் தெர்மாகோல் பெட்டி. பக்கத்தில், காலடியில் மீன்பெட்டியோடு பஜார் மீன்கடை பாய்.

"நீயும் மீனாம்மா?"

"இல்லைங்க பாய். மனுஷப் புரோட்டீன்."

பாய் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

"மனுஷங்கிட்ட எடுத்ததா?"

"இல்லைங்க. மனுஷ ஜீனைப் பாக்டீரியாவுக்குள்ள வச்சா, அது இதைச் செஞ்சு குடுத்துரும். இந்தப் புரோட்டீன் டிஎன்ஏ மேல போய் ஒட்டும். எந்த இடத்துல ஒட்டுதுன்னு பாக்குறதுதான் என் ஆராய்ச்சி."

"கூரியர்ல வராதா?"

"போன தடவை வந்துச்சு. வழியிலயே ஐஸ் உருகிக் கெட்டுப்போச்சு. அதான் நானே மதுரைக்குப் போயி வாங்கிட்டு வர்றேன்."

மரத்தை அறுக்க ஆள் வர மத்தியானம் ஆகிவிடும் என்றார் கண்டக்டர். அவள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஐஸ் பாதி உருகியிருந்தது. சட்டென்று எழுந்தாள்.

"எங்கம்மா போற?"

"மரத்துக்கு அந்தப் பக்கம் ஏதாச்சும் வண்டி மேல திரும்பிப் போகும். கேட்டு ஏறிக்கிறேன்."

"இரு." பாய் மீன்பெட்டியிலிருந்து ஐஸை அள்ளிப் பையில் கட்டிக் கொடுத்தார்.

"உங்க மீனு?"

"அது தாங்கும். நீ வெரசாப் போ."

பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மரத்தைத் தாண்டினாள். அந்தப் பக்கம் ஒரு பால் வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. கை காட்டி நிறுத்தினாள்.

பாய் ஜன்னல் வழியே கத்தினார். "இதுவும் கெட்டுப்போச்சுன்னா என்னம்மா செய்வ?"

ஏறிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"மறுபடி மதுரைக்குப் போவேன் பாய்!"