செல்லமுத்து வந்து பார்க்காத கூரை

"அலோ… அலோ… ஏனுங்க, சேலங்களா?… ஆமாங்க, நாமக்கல் தபாலாபீசுலிருந்துதான் பேசறனுங்க… செல்லமுத்துங்க. ஓவர்சீயரு… அவனோட அக்காளுங்க. கொல்லிமலை அக்கா… சரிங்க. நிக்கறனுங்க."

அத்தாயி டெலிபோன் குழலைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். கொல்லிமலையில் வளப்பூர் நாட்டிலிருந்து விடியுமுன்னே கிளம்பி, மலையிறங்கி, அடிவாரத்தில் கிடைத்த பாரவண்டியில் தொற்றிக்கொண்டு வந்திருந்தாள். சேலை முழங்கால் வரைக்கும் ஈரமும் சேறும். முந்தாநாள் அடித்த ஐப்பசி மழையில் வீட்டின் ஓட்டுக்கூரை சரிந்து, அடியில் படுத்திருந்த அம்மா ராமாயி செத்துப்போனாள். நேற்று மண்ணில் வைத்தார்கள். தம்பியிடம் அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள்.

செல்லமுத்து சேலத்தில் ஒரு பெரிய காண்ட்ராக்டரிடம் ஓவர்சீயர். பங்களாவோ மில்லோ, யுத்தத்துக்காகப் புதிதாய்க் கட்டும் பட்டாளத்துக் கொட்டகையோ, எதுவானாலும் ஏணி வைத்து ஏறுவான். மரத்தைத் தட்டிப் பார்த்து, இந்தக் கூரை தாங்கும், இது தாங்காது என்று சொல்லுவான். அவன் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

"அலோ… ஆமா சாமி, நான்தான்… இல்ல, கேளு… நான் சொல்றதக் கொஞ்சம்… ஆமா. ஆமா, கூரை விசயந்தான். ஆனா… தெரியும் சாமி. வேல இருக்கும். தெரியும்… ஆபீசுக்கெல்லாம் கூப்புடக்கூடாதா. சரி. இனிக் கூப்புடல… தொரை பக்கத்துல நிக்கறாரா. சரி, மெதுவாவே பேசறேன்."

தம்பி அவளைப் பேசவிடவில்லை. சித்திரையில் ஒருமுறை, ஆடியில் ஒருமுறை, சந்தைக்குப் போகிறவர்களிடம் கூரையைப் பார்க்க வரச் சொல்லி அனுப்பியிருந்தாள். இப்போதும் அதற்குத்தான் கூப்பிடுகிறாள் என்று எண்ணிக்கொண்டு, வரமுடியாத காரணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான்.

அந்த ஓடு அவன் போட்டது. வேலை கிடைத்த வருசம் ஊருக்கு வந்தவன், ஓவர்சீயர் வீட்டில் புல்லுக்கூரையா என்று கேட்டான். அடிவாரத்திலிருந்து ஆட்கள் தலைச்சுமையாக ஓடு தூக்கி மலையேறினார்கள். சுற்று வட்டாரத்தில் முதல் ஓட்டுவீடு. அம்மா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆனால் சுவர் பழைய மண்சுவர், மரமும் பழையது, புல்லின் பாரத்துக்கு வைத்தது. கொஞ்ச காலத்தில் நடுவிட்டத்தில் விரிசல் கண்டது.

"…என்ன சாமி?… விரிசலா? நடுவிட்டத்துல. முகட்டுக்குக் கீழ… குறுக்கால இல்ல, நீட்டுக்கு… உள்ள விரலு போகும். மொதல்ல நகம்தான் போச்சு, பொறவு விரலு… ஆமா, அந்தப் பக்கம் ஓடு தாழ்ந்துதான் இருந்துச்சு… இருந்துச்சுன்னுதான் சொன்னேன்… கரையானா? கரையான் இல்ல."

அவளுக்கே வியப்பாக இருந்தது. இந்தக் கேள்விகளையெல்லாம் அவன் கேட்கமாட்டானா என்று எத்தனை நாள் காத்திருந்தாள். இப்போது கேட்டதும், சொல்ல வந்ததை விட்டுவிட்டு நாக்கு தானாகப் பதில் சொல்லிற்று.

"…அப்பிடியா… நீட்டு விரிசல் ஒண்ணும் பண்ணாதா… தாங்குமா… இந்த மழைக்கு மட்டுமில்ல, இன்னும் எத்தன மழைக்கும் தாங்குமா… பாக்காமயே தெரியுமா சாமி உனக்கு?… சரி. சரி. நீ வேல தெரிஞ்சவன்."

குழலுக்குள் அவன் சிரித்தான். அக்காளின் பயத்தைப் பார்த்து வந்த சிரிப்பு. அத்தாயி கண்ணை மூடிக்கொண்டாள். மண்ணும் உடைந்த ஓடும் சேர்ந்த குவியலைப் புருசன் சின்னுசாமி இரண்டு கையாலும் வாரி வாரிக் கொட்டியது கண்ணுக்குள் வந்தது. அழுகை வரவில்லை.

"…அம்மாளையா?… பயமா இருந்தா அம்மாள அக்கட்டால தள்ளிப் படுக்கச் சொல்றதா… சொன்னேன் சாமி. கேக்கல. எம்மவன் போட்ட கூரை, அதுக்குக் கீழதான் படுப்பேன்னு சொல்லிருச்சு… சிரிக்காத. செல்லமுத்து, சிரிக்காத சாமி… கேளு. அந்தக் கூரை முந்தாநாளே வுழுந்துபோச்சு… ஆமா. வுழுந்துபோச்சு… ஊட்டுக்குள்ள அம்மாதான் இருந்துச்சு… ஆமா… இல்ல. இல்ல சாமி. எடுக்கறப்பவே மூச்சு இல்ல."

குழலில் இரைச்சல் மட்டும் இருந்தது. இணைப்பு போய்விட்டதோ என்று அவள் போஸ்ட்மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கையிலிருந்த முத்திரைக் கட்டையை அப்படியே பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"…என்ன?… கூரையில யாரு கை வெச்சாங்கன்னா கேக்கற?"

அம்மா செத்த சேதி கேட்டு அவன் வாயில் முதலில் வந்தது அதுதான். அத்தாயி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"யாரும் கை வெக்கல செல்லமுத்து. அதுதான வெனை. உன்ற மச்சான் பொரட்டாசியிலயே ஓடெல்லாம் எறக்கிப்போட்டு, புல்லு வேஞ்சரலாம்னாரு. விட்டத்துக்குக் கீழ ஒரு முட்டுக்கட்டையாச்சும் குடுக்கலாம்னாரு. நீதான ஆளு மேல ஆளா சொல்லியனுப்புன? மலைக்காரங்களுக்கு ஓட்டப் பத்தி என்ன தெரியும், நான் வந்து பாக்கறவரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாதுன்னு… சொன்ன. சொன்ன சாமி. அம்மா அதையே புடிச்சுக்கிச்சு. மச்சான் ஏணிய எடுத்தா, அம்மா ஏணிக்காலப் புடிச்சுக்கிட்டு நிக்கும். எம்மவன் தொரைமாரு ஊட்டையெல்லாம் பாத்துச் சொல்றவன், எனக்கு வந்து பாக்கமாட்டானான்னு கேக்கும்… இல்ல, ஏசல. எதுக்கு ஏசறேன்… நான் ஒரு நா அம்மாவுக்குத் தெரியாம எறக்கியிருக்கோணும். அந்தத் தைரியம் எனக்கும் இல்லாமப் போச்சு."

அவன் அழ ஆரம்பித்தான். அழுகைக்கு நடுவில் ஏதேதோ சொன்னான். அடுத்த வாரம் வருவதாக இருந்தானாம்.

"…ஆமா. ஆமா… வாரதாத்தான் இருந்த. தெரியும்… மண்ணு யாரு போட்டாங்கன்னா? மச்சான்தான் மொதப்பிடி போட்டாரு. உனக்கு ஆளு அனுப்பி நீ வாரதுக்குள்ள… மழை வுடல சாமி. வெச்சிருக்கறதுக்கு ஊடு எங்க இருக்குது?… மொகமா? மொகத்துக்கு ஒண்ணும் ஆகல. தூங்கறாப்பலதான் இருந்துச்சு."

அது பொய். முகத்தைத் துணியால் மூடித்தான் தூக்கினார்கள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒருவேளை, அந்த ஒன்றை மட்டும் அவன்மேல் போட மனம் வராமல் இருந்திருக்கலாம்.

"…அழுவாத. தொரை பக்கத்துல நிக்கறாருன்னியே… சரி. சரி சாமி… என்னைக்கா? கருமாதி என்னைக்குன்னா கேக்கற? அது வந்து…"

நாள் அவளுக்குத் தெரியும். காலையில் கிளம்பும்போது சின்னுசாமி சொல்லித்தான் அனுப்பினான். வாயைத் திறந்தாள். அதற்குள் குழலில் ஏதோ சடசடத்து, அடங்கி, ஒன்றுமில்லாமல் போயிற்று.

"அலோ… செல்லமுத்து… அலோ."

போஸ்ட்மாஸ்டர் எழுந்து வந்து குழலை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். மழையில் கம்பி எங்கோ தொட்டுக்கொண்டிருக்கும், சற்று உட்கார்ந்தால் மறுபடியும் சேலத்தைக் கேட்டு வாங்கித் தருவதாகச் சொன்னார். பெஞ்சில் கிடந்த காகிதங்களை ஒதுக்கி இடமும் செய்து கொடுத்தார்.

அத்தாயி பெஞ்சைப் பார்த்தாள். பிறகு வெளியே தூறலைப் பார்த்தாள்.

"வேண்டாங்க," என்றாள். "சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாச்சுங்க."

ஈரச் சேலையின் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.