டோலோரஸ் என்றொரு மருமகள்

— பேரை மட்டும் மாத்திப்போடுங்க, கார்டு சார். வேற ஒண்ணுமே நாங்க கேக்கலீங்க.

— அதை மட்டும் விட்டுட்டு வேற எதை வேணும்னாலும் கேளுங்கம்மா. இந்த தோமினிக் இல்லைன்னு சொல்ல மாட்டான்.

— தாலி எங்க முறையில கட்டறதுக்கு ஒத்துக்கிட்டீங்க. கல்யாணம் நாமக்கல்லுலன்னதுக்கும் தலையாட்டிட்டீங்க. எம்மவன் வேலுமணியும் உங்க கோயில்ல வந்து மண்டி போட்டு ஆசீர்வாதம் வாங்கிக்கிறேன்னு அவனாவே சொல்லிப்போட்டான். அத்தனையும் தாண்டி வந்து இந்த ஒத்தைப் பேருல நிக்குதுங்க.

— நிக்கட்டும். சிக்னல் விழற வரைக்கும் வண்டி நின்னுதான் ஆகணும். சேலம் ஜங்ஷன்ல ரயில் கார்டா இருக்கிறவன் நான். பச்சைக் கொடி என் கையில இருக்கு, காட்ட மாட்டேன்.

— ஏங்க, வீடு தேடி வந்தவங்ககிட்டயும் கொடி, விசிலு. அக்கா, நீங்க காபியை எடுத்துக்குங்க, ஆறிடும். நாமக்கல்லேருந்து தனியா பஸ்லயா வந்தீங்க? உங்க வீட்டு வாசல்ல நாலு லாரி நிக்குதுன்னு டோலோரஸ் சொன்னாளே.

— லாரியில வந்து எறங்குனா அஸ்தம்பட்டியே வேடிக்கை பாக்காதுங்களா, இன்னாசிமேரி? எங்க ஊட்டுக்காரரு வர மாட்டேன்னுட்டாரு. பொண்ணு பள்ளிக்கூடத்துல டீச்சரு, நல்ல குணம், அப்பன் ரயில்வேன்னு மவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டுத்தான் சோறு உண்டுக்கிட்டிருந்தாரு. பேரைச் சொன்னானுங்க. அப்படியே தட்டத்துல கையைக் கழுவிப்போட்டு எந்திரிச்சுட்டாரு.

— பேரைக் கேட்டதுக்கா?

— பேரைக் கேட்டதுக்குத்தானுங்க. “செல்லியம்மா, நீ போய்ப் பேசு. பேரை மாத்துனா கல்யாணம். இல்லீன்னா கல்யாணப் பேச்சே இந்த ஊட்டுல வேண்டாம்”னாரு. தனலட்சுமின்னு ஒரு பேருகூட ரோசனை பண்ணி வெச்சிருக்காருங்க.

— தனலட்சுமி நல்ல பேருதான். உங்களுக்கு ஒரு பேத்தி பொறந்தா வைங்க. என் மக பேரு டோலோரஸ். நீங்களும் ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கம்மா, எப்படிக் கம்பீரமா இருக்குன்னு.

— எனக்கு வராதுங்க.

— அவகிட்டப் படிக்கிற ஒண்ணாங்கிளாஸ் வாண்டுகளுக்கே வருதாம்.

— அதுங்களுக்கு நாக்கு இளசுங்க, சாமி. அர்த்தமாவது சொல்லுங்க, கேட்டுக்கிட்டுப் போயி அவருகிட்டச் சொல்றேன்.

— கேட்டீங்களே, அது கேள்வி. இது ஸ்பெயின் தேசத்துப் பேரு. அங்கே முதல்ல மரியா தெ லோஸ் தொலோரெஸ்னு நீட்டமா இருந்துச்சு. வியாகுலங்களோட மரியான்னு அர்த்தம். தினப்படி கூப்பிடற அவசரத்துல முன்னால இருந்த மரியா கழண்டு போச்சு. பின்னால கோத்திருந்த பெட்டி மட்டும் பேரா ஓடுது. நம்ம சனங்க வியாகுலமேரின்னு வைக்கிறாங்களே, அது இதோட அக்கா தங்கச்சி.

— வியாகுலம்னா?

— துக்கம், அக்கா. சேசுவே, இவர்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

— துக்கமுங்களா. சரியாப் போச்சு போங்க. விளக்கேத்த வர்ற புள்ளைய வாசப்படியில நிறுத்தி, “துக்கம், வலது காலை வெச்சு உள்ள வா கண்ணு”ங்கோணுமாக்கும்.

— சிரிங்கம்மா, எனக்குக் கோபமில்லை. எங்க பங்குக் கோயில்ல ஸ்பெயின்காரச் சாமியார் ஒருத்தர் இருந்தாரு. அவர்கிட்ட நானும் இதையேதான் கேட்டேன். “என் அம்மா பேரு அது. என் அத்தை பேரு அது. எங்க வீட்டுல பால் கறக்க வந்த அம்மா பேரும் அதுதான். அவங்க மூணு பேரும் எங்க ஊரையே தூக்கி நிறுத்தினவங்க”ன்னாரு. அங்கே வீட்டுக்கு ஒருத்தி இருப்பாளாம். குழப்பம் வரக்கூடாதுன்னு லோலா, லோலின்னு சுருக்கிக் கூப்பிடறதாம். கப்பல் ஏறி மெக்சிகோ போயிருக்கு, பிலிப்பைன்ஸ் போயிருக்கு, அமெரிக்காக்காரன்கூட ஒரு காலத்துல ஆசை ஆசையா வெச்சிருக்கான். அத்தனை ஊர் சுத்தின பேருக்கு நாமக்கல்லுக்குள்ள நுழைய அனுமதி இல்லையா?

— ஊரு சுத்துனாலும் துக்கம் துக்கந்தானுங்களே.

— இல்லம்மா. ஏழு துக்கம், சேசுவைப் பெத்த அந்தத் தாய்க்கு. கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு தேசம் விட்டு தேசம் ஓடினது ஒண்ணு. திருவிழாக் கூட்டத்துல பிள்ளையைத் தொலைச்சது ஒண்ணு.

— மூணு நாள் தேடுனாளே, அதுங்களா?

— அதேதான். கடைசியில மகனைச் சிலுவையில ஏத்தறான். கூட இருந்த ஆம்பளைங்க முக்காவாசிப் பேரு ஓடிட்டாங்க. அந்தம்மா ஓடலை. கீழே நின்னாங்க. உக்காந்து அழுதாங்கன்னு எழுதலை, நின்னாங்கன்னுதான் வேதத்துல எழுதியிருக்கு. டோலோரஸ்ங்கிறது அழுதவ பேரு இல்லை. நின்னவ பேரு.

— நின்னவ பேருங்களா…

— எங்களுக்கு முதல் ரெண்டு பிள்ளை தங்கலைம்மா. மூணாவது இவ. ஆரோக்கியம்கிற என் மச்சான், “ஆனந்தின்னு வைங்க மாமா, இனியாவது சந்தோஷம் வரட்டும்”னான். நான் கேக்கலை. ரெண்டு பிள்ளையைப் பறிகொடுத்துட்டும் இந்த இன்னாசிமேரி என் பக்கத்துல நின்னா. நின்னவ பெத்த பொண்ணுக்கு நின்னவ பேருதான்னேன்.

— இவர் இதை யாருகிட்டயும் சொன்னதில்லை, அக்கா. என்கிட்டயே இன்னைக்குத்தான் சொல்றாரு.

— உன்கிட்ட சொன்னா நீ அழுவே.

— இப்ப மட்டும் என்னவாம்? இருந்தாலும் நான் சொல்றேன், கேளுங்க. பொண்ணு வாழணும். நமக்கு அவ டோலோரஸ். போற இடத்துல தனலட்சுமின்னு கூப்பிட்டுட்டுப் போகட்டுமே. பதில் சொல்லிட்டா முடிஞ்சுது.

— பெத்தவளுக்குப் புரியுது பாருங்க, கார்டு சார். நாங்க லாரி வாங்குனாக்கூட நல்ல பேராப் பாத்துத்தான் நெத்தியில எழுதுவோம்.

— எழுதின பேரை மாத்துவீங்களா?

— எதுக்கு மாத்தறோம்? வேற ஆளுக்கு வித்தா, வாங்குனவன் பழைய பேரை அழிச்சுப்போட்டு அவன் பேரை எழுதிக்குவான்.

— அதைத்தான் நானும் சொல்றேன். என் மகளை நான் விக்கலைம்மா.

— ஏங்க…

— இரு மேரி. தப்பா ஒண்ணும் சொல்லலை.

— கல்யாணம் நின்னு போகுமுங்க. பொறவு எம்மேல வருத்தப்படக்கூடாது. எங்க ஊட்டுக்காரரு பேரு சின்னுசாமி. ஒண்ணு சொன்னா சொன்னதுதான்.

— நிக்கட்டும். எனக்கு நெஞ்சு வலிக்கும். மேரி ஒரு வாரம் உலை வைக்க மாட்டா. ஆனா நாளைக்கு உங்க வீட்டுல என் பொண்ணுக்கு ஒரு கஷ்டம் வருதுன்னு வைங்க. தனலட்சுமிக்கு வந்த கஷ்டத்தை யாரு தாங்குவா? அவளுக்கே அவ யாருன்னு தெரியாதே.

— அட, என்ன மனுசனுங்க நீங்க. டோலோரஸ்ங்கிற ஒத்தைப் பேருக்காக பெத்த புள்ள வாழ்க்கையையே பணயம் வெப்பீங்களா?

— வராதுன்னீங்க. எங்க சாமியார் சொல்ற மாதிரியே சுத்தமா வருதே.

— கோவத்துல வந்துருச்சுங்க.

— கோவம் அப்பப்ப வரட்டும். நல்லா இருக்கு.

— புள்ள என்ன சொல்லுது? அப்பன் பேச்சைத் தட்டாதுன்னு நீங்களே முடிவு பண்ணிப்போட்டீங்களா?

— அவளைக் கேக்காமலா? போன ஞாயித்துக்கிழமை வேலை பாக்குற ஊர்லேருந்து வந்திருந்தா. நீங்க இப்படிக் கேப்பீங்கன்னு உங்க வேலுமணி முன்னாலயே சொல்லியிருப்பான் போல. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவளே சொன்னா.

— என்னான்னு?

— “பேரை மாத்தச் சொன்னா, மாப்பிள்ளையை மாத்திருங்கப்பா”ன்னா.

— எம்மவன் அதுக்கு என்ன சொன்னானாம்?

— அவன்கிட்டயும் இதையேதான் சொன்னாளாம். “எங்கம்மாகிட்ட அப்படியே போய்ச் சொல்லு, அவங்களுக்கு உன்னை ரொம்பப் புடிச்சுப்போகும்”னானாம்.

— அவனா சொன்னான்? ஏனுங்க, நெசமாவே எம்மவனா?

— அக்கா, எதுக்குக் கண்ணைத் தொடைக்கிறீங்க? இவர் ஏதாவது மனசு நோகப் பேசிட்டாரா?

— ஒண்ணுமில்லீங்க, இன்னாசிமேரி. காபி நல்லா இருக்குது. இன்னொரு வாய் குடுங்க. கார்டு சார், இந்த மாசக் கடைசியில நாள் பாக்கலாமுங்களா?

— எந்தப் பேருக்கு நாள் பாக்கறீங்க?

— நீங்க வெச்ச பேருக்குத்தானுங்க. பத்திரிகையில பெரிசா அடிக்கச் சொல்லுங்க. ஒரு எழுத்துக்கூட கொறையக்கூடாது.

— உங்க வீட்டுக்காரர்?

— அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன். பொண்ணோட அப்பன் அசையலைன்னு சொல்றேன். இவத்தைக்கு வந்து இத்தனை நேரம் கேட்டும் அசையலைன்னு சொல்றேன். அப்படி ஒரு அப்பன் இருப்பானான்னு அவருக்கு நம்பிக்கை வராது. ஏன்னா அவரு பாத்தது வேற மாதிரி அப்பனுங்க. கேட்ட உடனே, துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, சரிங்க உங்க இஷ்டப்படி மாத்திக்குங்கன்னு சொன்ன அப்பன்.

— யாரு அந்த அப்பன்?

— செத்துப் போயிட்டாருங்க. பாவம், நல்ல மனுசன். பயந்த மனுசன்.

— எனக்கு ஒரே ஒரு கவலைதான், அக்கா. பத்திரிகையில போட்டாப் போதுமா? வீட்டுக்குள்ள ஏய், புள்ளே, இவளேன்னே காலம் ஓடிருமே. நாளைக்கு உங்க வீட்டு வாசல்ல நின்னு நான் டோலோரஸ்னு கூப்பிட்டா, உள்ளேருந்து ஒரு ஆளு ஏன்னு கேக்குமா?

— ரெண்டு பேரு கேப்போமுங்க, சம்பந்தி. அதுல ஒருத்திய, கல்யாணமான நாள்லேருந்து, முப்பது வருசமா ஆரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடலீங்க.