பிறந்தநாளின் முதல் வாய்

முத்திருளன் மகனுடைய கோச்சடை வீட்டு மாடிப்படியில் அன்று மதியம் இருந்தவர்கள் மூவர்: முத்திருளன், அவர் மனைவியின் தம்பி பேச்சிமுத்து, எட்டாவது பிறந்தநாள் சட்டையோடு பேத்தி ரோகிணி. அவள் மேல்படியில் உட்கார்ந்திருந்ததை மற்ற இருவரும் பார்க்கவில்லை. மருமகளின் அப்பாவான கல்கத்தாச் சம்பந்தி உள்ளே உறங்கிக்கொண்டிருந்தார்.

பேச்சிமுத்து: அப்ப பிள்ள கோழியத் தொடவே இல்லயா மச்சான்?

முத்திருளன்: மெதுவாப் பேசு மாப்ள... தொடல.

பேச்சிமுத்து: ஊர்லருந்து பஸ்ஸுல மடியில வச்சுக் கொண்டாந்த கோழியாச்சே!

முத்திருளன்: வெடக்கோழி. ஒங்கக்கா அம்மியில அரச்ச மசாலா. "வயித்துல எடமில்ல அய்யா"ன்னுட்டா.

பேச்சிமுத்து: அயிரமீன் கொழம்ப உறிஞ்சிக் குடிக்கிற பிள்ளயில்ல அது?

முத்திருளன்: அதெல்லாம் அந்தாளு வர்ற வரைக்குந்தான். வந்து எறங்குனதும் சோத்துக்குக் கடுகெண்ணெ கேக்குறா. ரெண்டு பேரும் வங்காளத்துல பேசிப் பேசிச் சிரிக்கிறாக. நான் தூண் மாதிரி நிக்கிறேன்.

பேச்சிமுத்து: சரி, மொத வாய் நீங்கதான ஊட்டணும்? நம்ம வீட்டு வழக்கம் அதான?

முத்திருளன்: மருமகட்ட சொன்னேன். அவுக வீட்டுல பிறந்தநாளுக்கு மொத வாய் பாயசமாம். பிள்ள வாயில வைக்குமுன்ன வேற யாரும் ருசி பாக்கக் கூடாதாம். "வருசாவருசம் நீங்க ஊட்டுறீங்க மாமா, எங்கப்பா அம்புட்டுத் தூரம் ரயில்ல வந்திருக்காரு"ங்குது.

பேச்சிமுத்து: நியாயந்தான?

முத்திருளன்: நீ யாரு பக்கம்?

பேச்சிமுத்து: நான் கோழி பக்கம். மிச்சம் இருக்குல்ல?

முத்திருளன்: திங்கிறதுலயே இரு.

பேச்சிமுத்து: கோச்சுக்காதீக. அடுத்த வீட்டு சத்யப்ரியா அதுக்குள்ள தெருப்பூரா சொல்லிருச்சு. கல்கத்தாப் பாயச ருசியில பிள்ள சட்டியையே வழிச்சு நக்கிருச்சாம். நம்ம வீட்டுச் சாப்பாட்ட ஏறெடுத்தும் பாக்கலயாம்.

முத்திருளன்: கல்கத்தாப் பாயசமாம்!

பேச்சிமுத்து: பெறகு?

முத்திருளன்: ஒண்ணுமில்ல.

பேச்சிமுத்து: மச்சான்... மொகம் சரியில்லயே.

முத்திருளன்: ஏதோ ஈச்சமரத்து வெல்லமாம். பொட்டணங்கட்டிக் கொண்டாந்தாரு. அந்த வாசம் வேற எங்கயும் கெடைக்காதாம். மருமக அத என் கையில குடுத்து, "தட்டித் தாங்க மாமா"ன்னுச்சு.

பேச்சிமுத்து: தட்டுனீகளா?

முத்திருளன்: தட்டுனேன்... நம்ம கருப்பட்டிய.

பேச்சிமுத்து: அடப்பாவி மச்சான்! அந்த வெல்லம்?

முத்திருளன்: என் பையில, துண்டுக்கு அடியில.

பேச்சிமுத்து: சம்பந்திதான பாயசம் கிண்டுனாரு, வாசம் தெரியலயா?

முத்திருளன்: ரயில்ல சளி புடிச்சு மூக்கடச்சுக் கெடக்கு. நெறம் ஒண்ணுதான. மருமக கேக்கு வாங்கப் போயிருந்துச்சு.

பேச்சிமுத்து: ஊருல பஞ்சாயத்துன்னா மொத ஆளா ஒங்களத்தான் கூப்புடுறாக. நீங்களா இந்த வேல பாத்தீக?

முத்திருளன்: பிள்ள துப்பிரும், பெறகு என் கோழிக்கு வரும்னு நெனச்சேன் மாப்ள. அவ என்னடான்னா கிண்ணத்த நீட்டி நீட்டி வாங்குறா... அந்தாளு கண்ணு கலங்கி நிக்கிறாரு!

பேச்சிமுத்து: வயிறு எரியுதாக்கும்?

முத்திருளன்: எரியாதா பின்ன? ஜெயிச்சது என் கருப்பட்டி, பேரு அவருக்கு. வெளிய சொன்னா நம்ம குடும்ப மானம் போயிரும். நீ ஒருத்தனாவது தெரிஞ்சுக்க. எம் பேத்தி நாக்கு நம்ம கருப்பட்டியத்தான் தேடிப் புடிச்சிருக்கு.

ரோகிணி: இல்ல அய்யா.

பேச்சிமுத்து: ஆத்தாடி... நீ எப்ப வந்த?

ரோகிணி: நான் இங்கனயேதான் இருக்கேன் சின்னத் தாத்தா.

முத்திருளன்: கண்ணு... அய்யா சும்மா வெளையாட்டுக்கு...

ரோகிணி: சத்யப்ரியா அக்கா சொல்றதும் பொய்யி, நீங்க சொல்றதும் பொய்யி. பாயசம் நல்லாவே இல்ல. ஒரே உப்பு, நம்ம கருப்பட்டி மாதிரியே. மொத வாயிலயே கருப்பட்டின்னு தெரிஞ்சுபோச்சு, நீங்கதான வெல்லத்தத் தட்டுனீக. கல்கத்தாத் தாத்தா ஒரு வாய் தின்னிருந்தா ஒங்களக் கண்டுபிடிச்சிருப்பாரு. அதான் சட்டியில ஒண்ணும் விடாம நானே தின்னேன்.