ஒரு ஜாண் உயரம்

எழுபதுகளில் ஒரு காலை, செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் போகிற பஸ். ஜன்னல் சீட்டு கிடைக்காத கடுப்பில் இருந்தேன். முன் சீட்டில் புது மண்வெட்டியை மடியில் வைத்திருந்த மீனவர், பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னார்:

"வண்டிய ஒசத்திட்டேன் அண்ணாத்த, அதான் மண்வெட்டி வாங்கினு போறேன்."

"இன்னாப்பா சொல்ற?"

"மீன் ஏத்தற பிக்கப்பு மணல்ல பொதைஞ்சுகினே இருந்துச்சு. ஸ்பிரிங்குல பட்டை சேத்து, பெரிய டயர் மாட்டி, ஒரு ஜாண் தூக்கிட்டேன். இப்ப படகாண்டயே போவுது. ஆனா பொம்பளைங்களுக்குக் கூடைய மேல வெக்க எட்டல."

"அப்ப பழையபடி எறக்கிடு."

"எறக்கினா அதுங்க மறுபடியும் ரோடு வரைக்கும் சொமக்கணுமே. பின் சக்கரத்துக்கு மட்டும் பள்ளம் வெட்டி நிறுத்தப் போறேன்."

"அப்பறம் எப்பிடி மேல ஏறும்?"

"தென்ன மட்டை போட்டா ஏறிடும். பெரிய டயராச்சே."

"எவ்ளோ ஆழம் வெட்டுவ?"

அவர் தன் தோளுக்குக் கீழே தொட்டுக் காட்டினார்.

"என் வூட்டுக்காரி இவ்ளோதான் ஒசரம். அதுக்கு எட்டிச்சின்னா எல்லாருக்கும் எட்டும்."