கம்ப்ரஸரை அணைத்த பாட்டு

உங்கள் இயர்போனில் எந்தக் கோளாறும் இல்லை. வாடகைக்கு விட்ட பொருளைப் பற்றி நீங்கள் விசாரிக்க வந்தது நியாயம்தான். பாண்டுங்கில் பாதிக் கல்யாணங்கள் உங்கள் கடையை நம்பித்தான் நடக்கின்றன. உங்கள் ஒலிக்காரர் தத்தாங்கை வேலையிலிருந்து நிறுத்தவும் வேண்டாம். சத்தம் எல்லை மீறினால் இயர்போனே அதை அமுக்கிவிடும் பாதுகாப்பு ஒன்று இருக்கிறதல்லவா, அதை அணைத்து வைத்தது மட்டும்தான் அவர் செய்தது. அதுவும் எங்கள் குழுத் தலைவர் எங்குஸ் பிடிவாதம் பிடித்ததால். அமுக்கிய சத்தம் ஆறிப்போன சோறு மாதிரி இருக்கிறது என்பார் எங்குஸ்.

என் பெயர் யாயன். அந்தக் குழுவில் பேஸ் கிதார் வாசிக்கிறேன். என் காலடியில் ஒரு பலகை, அதன்மேல் சத்தத்தை மாற்றும் இரண்டு பெடல்கள். ஒன்று கம்ப்ரஸர். மெல்ல வாசித்தால் தூக்கிவிடும், ஓங்கி அடித்தால் அமுக்கிவிடும். மற்றது ஃபில்டர். விரலின் வேகத்துக்கேற்ப வாயைத் திறக்கும். ஓங்கி அடித்தால் கத்தும், தடவினால் முனகும். கம்ப்ரஸரை முன்னால் வைத்தால் எல்லா அடியும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும், அப்புறம் ஃபில்டர் எதற்கு வாயைத் திறக்கப் போகிறது? பின்னால் வைத்தால் ஃபில்டர் நன்றாகத் திறக்கும், திறந்த வாயைக் கம்ப்ரஸர் பொத்திவிடும். முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. இந்த இரண்டையும் ஒத்துப்போக வைப்பதிலேயே எனக்கு இரண்டு வருடம் போயிற்று.

எனக்குப் பொறுமை அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் எனக்கு இருந்தது எரிச்சல். ஒவ்வொரு ஒத்திகையிலும் குமிழ்களை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, சரியாக வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கீபோர்டுக்குப் பின்னால் நிற்கும் எங்குஸிடம் கேட்பேன்.

“அண்ணே, இப்ப எப்படி இருக்கு?”

“எது எப்படி இருக்கு?” என்பார்.

செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஒத்திகையில் சொன்னால்கூடப் பரவாயில்லை. கல்யாண மேடையில், மைக்கிலேயே சொல்வார். “யாயன், இருக்கியா? இல்ல, பத்தாகோர் திங்கக் கெளம்பிட்டியா?” விருந்தாளிகள் சிரிப்பார்கள். ஒருமுறை, என் சம்பளத்துக்கு ஒரு பூனையைக் கட்டிப்போட்டால் அதாவது கத்தும் என்றார். அந்தக் கல்யாணத்தில் என் மாமனாரும் விருந்தாளி. அவரும் சிரித்தார்.

கடைசியில் கம்ப்ரஸரை வரிசையின் முடிவில் வைத்தேன். ஒருநாள் ஒத்திகையில் தவறுதலாகக் கால் பட்டு அது அணைந்துவிட்டது. தெரியாமல் ஓங்கி அடித்தேன். ஃபில்டரின் கூச்சல் தடுக்க ஆளில்லாமல் நேரே எங்குஸின் காதுக்குள் போயிற்று. இயர்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு திட்டினார். நான் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அன்று முதல்முறையாக நான் அவருக்குக் கேட்டிருக்கிறேன். அதை நான் மறக்கவில்லை.

நீங்கள் கேட்கும் கல்யாணம் அதற்கு அடுத்த மாதம், லெம்பாங்கில் நடந்தது. முதல் பாட்டிலிருந்தே கம்ப்ரஸரை அணைத்து வைத்திருந்தேன். தூக்கிவிட ஆளில்லாததால் மெல்லிய சத்தம் மேலும் மெலிந்தது. நுனிவிரலால் வாசித்தேன். எங்குஸின் கை பக்கத்திலிருந்த சின்ன மிக்ஸருக்குப் போயிற்று. தன் காதுக்கு என் பேஸைக் கூட்டினார். நான் இன்னும் மெல்ல வாசித்தேன். அவர் இன்னும் கூட்டினார். இப்படியே குமிழ் அதற்குமேல் திரும்பாத இடத்துக்கு வந்து நின்றது. நான் நின்ற இடத்திலிருந்து அதை நானே பார்த்தேன்.

அப்போது சவேர் தொடங்கியது. மணமக்கள் தலைமேல் அரிசியும் மிட்டாயும் காசும் வாரி இறைத்தார்கள், பெரியவர்கள் உட்பட எல்லோரும் விழுந்து பொறுக்கினார்கள். சவேர் நேரத்தில் எங்குஸுக்கென்று ஒரு கோமாளித்தனம் உண்டு. காசு பட்டுத் தலை பிளந்துவிட்டதுபோல அலறிக்கொண்டு கீபோர்டுக்குக் கீழே சரிவார். ஊரே அதற்குக் காத்திருக்கும்.

நான் ஃபில்டரின் கூர்மையைக் கடைசிவரை ஏற்றி, கட்டைவிரலால் ஓங்கி ஒரே ஒரு அடி அடித்தேன்.

மண்டபத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கே போகும் சத்தத்துக்குத் தத்தாங் தனியாகக் காவல் வைத்திருந்தார், திறமைசாலி. எங்குஸ் மட்டும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கீபோர்டுக்குக் கீழே சரிந்தார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. மணப்பெண்ணும் சிரித்தாள். நான் சிரிக்காமல் நின்றால் நன்றாக இருக்காதென்று நானும் சிரித்தேன். பிறகு கம்ப்ரஸரைப் போட்டுக்கொண்டு பாட்டை முடித்தேன். தாளம் தவறவில்லை.

எங்குஸுக்கு இடது காதில் ஒன்றுமே கேட்கவில்லை, வலது காதில் ஓயாத ரீங்காரம் என்றார் மருத்துவர். சில நாள் கழித்து எங்குஸின் மனைவி லிலிஸ் என் வீட்டுக்கு வந்து அழுதார்.

“ரெண்டு வருஷமாவே அவருக்கு உன் பேஸ் மாதிரி அடியில வர்ற கனத்த சத்தம் எதுவும் கேக்கல, கீச்சுச் சத்தம் மட்டுந்தான் கேக்கும், யாயன். இடி இடிச்சாக்கூட ஜன்னல் ஆடுறதப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவாரு. வெளிய தெரிஞ்சா யாரு கூப்பிடுவாங்கன்னு பயம். உன்னக் கேலி பண்ணியே சமாளிச்சாரு.”

நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். உள்ளுக்குள் எனக்கு வந்தது நிம்மதி. என் பெடல்களில் குறையே இருந்ததில்லை. அப்புறம்தான் கோபம் வந்தது. இரண்டு வருடம் எங்குஸ் என்னை வீணாகக் குமிழ் திருக வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இதைச் செய்திருக்கவே மாட்டேன். ஆகவே இதில் அவர் பங்கும் உண்டு என்பதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது வேறொருவர் கீபோர்டு வாசிக்கிறார். எங்குஸ் ஒத்திகைக்கு மட்டும் வருகிறார். தரையில் உட்கார்ந்து, என் ஸ்பீக்கர் பெட்டியில் முதுகைச் சாய்த்து, உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். போன வாரம், தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று தெரியாமல், கத்திச் சொன்னார்.

“யாயன், இப்பதான்டா நீ எனக்குக் கேக்குற.”

மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அன்று சாயங்காலம் முழுக்க அவருக்காகவே வாசித்தேன்.

உங்கள் விசாரணைத் தாளில் தத்தாங்குக்குப் பதிலாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி. எங்குஸிடம் இதைச் சொல்ல வேண்டாம். நாங்கள் இருவரும் இப்போதுதான் ஒத்துப்போகிறோம்.