இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

புத்தகத்துக்கும் முதுகுதான் முதலில் போகும். இருபத்தாறு வருடமாக நம் நூலகத்தின் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து பைண்டிங் செய்கிறேன். ஒரு நாவலின் முதுகைத் தடவிப் பார்த்தே, எந்த இடத்தை வாசகர்கள் திரும்பத் திரும்பப் பிரித்தார்கள் என்று சொல்லிவிடுவேன். வரலாற்று நூல்களுக்கு அந்தச் சிரமம் கிடையாது. முதல் நாற்பது பக்கத்தோடு சரி, மிச்சம் புது மெருகு குலையாமல் இருக்கும்.

நடந்ததை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள், செயலாளர் அம்மா. கேட்டது நீங்கள் என்பதால் சந்தோஷமாகவே எழுதுகிறேன். இத்தனை வருடத்தில் என்னிடம் பசை எவ்வளவு வேண்டும் என்பதைத் தவிர இந்த நூலகம் வேறு எதையும் கேட்டதில்லை.

சனிக்கிழமை மாலை மாடியில் கூடும் நம் வாசகர் வட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்குப் பத்து நிமிடம். சமீபத்தில் படித்த நாவலையோ வரலாற்று நூலையோ பற்றி மனதில் பட்டதைப் பேசலாம். ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார் மட்டும் பத்து நிமிடத்தை நாற்பதாக நீட்டுவார். எந்தப் பேச்சிலும் ஒரு வருடத்தைச் சொருகாமல் அவரால் இருக்க முடியாது. அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை 'வருஷம்' என்றுதான் சொல்வோம். "வருஷம் வந்தாச்சா, ஆரம்பிக்கலாமா?" என்று நீங்களே கேட்டிருக்கிறீர்கள்.

'பக்கம் காட்டு' என்ற வழக்கத்தைக் கொண்டுவந்ததும் அவர்தான். யார் எதைச் சொன்னாலும், சந்தேகப்படுகிறவர் "பக்கம் காட்டுங்க" என்று கேட்கலாம். உடனே புத்தகத்தை எடுத்துவந்து காட்ட வேண்டும். அவரிடம் கேட்டவர்கள் மூக்குடைபட்டுத்தான் உட்கார்ந்தார்கள். ஞாபகசக்தியில் மனிதர் அப்படிப்பட்டவர். இதைச் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

எனக்கு நாவல்தான் உயிர். ஒரு சனிக்கிழமை, கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய நாவலைப் பேசினேன். பேசும்போது இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வாத்தியார் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், "நல்லாச் சொன்னீங்க. இதுல எது நடந்தது?" என்றார். எதுவும் நடக்கவில்லை, நாவல் என்றேன். "அப்ப நடக்காத ஒண்ணுக்கா இவ்வளவு நேரம் கண்ணைத் துடைச்சீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அன்று தேதி பதினேழு, மழை தூறிக்கொண்டிருந்தது, நம் வட்டத்துத் தையல்காரர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், நீங்கள் நீல நிற ஃபைலால் வாயை மூடிக்கொண்டு சிரித்தீர்கள். அவ்வளவுதான். நான் செய்தது வேறு காரணத்துக்காக. கற்பனையையும் உண்மையையும் பிரித்துப் பார்ப்பது அவ்வளவு சுலபம் இல்லை என்பதை அவருக்குப் புரியவைக்க விரும்பினேன். அவர் நல்ல வாத்தியார். கற்றுக்கொள்ளவும் ஒரு வாய்ப்பு வேண்டாமா?

வேலை எளிது. வாத்தியார் தனக்கு வேண்டிய புத்தகத்துக்கு முந்தின வாரமே சொல்லி வைப்பார். அதை நான் தையல் விட்டிருக்கிறது என்று கீழே கொண்டுபோவேன். ஒரே ஒரு தாளை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நான் எழுதி அச்சடித்த தாளை ஒட்டுவேன். பழைய புத்தகங்களின் கடைசியில் வரும் வெற்றுத் தாள்களை வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்ததால் நிறம் பொருந்தியது. எழுத்துருவுக்குத்தான் கொஞ்சம் அலைந்தேன். திங்கட்கிழமை புத்தகம் வாத்தியாரிடம் போகும். வியாழக்கிழமை தவறாமல் திரும்பி வரும். வெள்ளிக்கிழமை என் தாளை எடுத்துவிட்டு அசல் தாளைத் திரும்ப வைத்துவிடுவேன். ஒரு புத்தகத்துக்கும் நிரந்தரச் சேதம் கிடையாது. இதை நூலக நிர்வாகக் குழு கவனத்தில் கொள்ள வேண்டும்.

முதல் தாளில், இரண்டு அரசர்கள் யார் முதலில் உட்காருவது என்று தீராமல் பதினோரு நாள் நின்றுகொண்டே சமாதானம் பேசியதாக எழுதினேன். வாத்தியாருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை எழுந்து நின்று நடித்தே காட்டினார். இன்றும் சொல்கிறேன், என் எழுத்தை அதற்கு முன் யாரும் அப்படி ரசித்துப் பேசியதில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தையல்காரர் சும்மா இருக்காமல் பக்கம் காட்டச் சொன்னார். வாத்தியார் இருநூற்றுப் பதினான்காம் பக்கம் என்றார். அங்கே நில அளவை முறை பற்றி இருந்தது. வேறு புத்தகத்தில் படித்திருப்பேன் என்று சொல்லிச் சமாளித்தார்.

இரண்டாவது தாளில், தோற்று ஓடும்போது பாதி வழியில் திரும்பிவந்து கோட்டைக் கதவைப் பூட்டிவிட்டுப் போன ஒரு தளபதி. வீட்டில் பெண்டாட்டியிடம் திட்டு வாங்கிய பழக்கம் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பிறகு பக்கம் கேட்டார்கள். வாத்தியார் இருபது நிமிடம் தேடினார். அன்று யாரும் கேலி செய்யவில்லை. அது எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது.

மூன்றாவது முறை அவர் தானே நூலக அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்திருந்தார். பேசுவதற்கு முன்பே பக்கத்தைப் பிரித்தார். என் மூன்றாவது தாளில் இருந்த, சபையில் கொட்டாவி விட்டவர்களை நாடு கடத்திய அரசியைக் காணோம். முன்னும் பின்னும் பத்துப் பக்கம் புரட்டினார். புத்தகத்தை என்னிடம் நீட்டி, "நீங்க தொழில் தெரிஞ்சவர். யாராவது தாளை மாத்தியிருக்காங்களா, பார்த்துச் சொல்லுங்க" என்றார். பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்த அறையில் அவர் என் கருத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தையலை விரலால் தடவி, நிதானமாகப் பார்த்தேன்.

"தாள் எதுவும் மாறல சார். எல்லாம் அதது இடத்துல இருக்கு."

அது பொய் இல்லை. வெள்ளிக்கிழமையே எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தவை என் கையில் இல்லை. மருந்துக்கடை வைத்திருக்கும் அவர் மகள் அவரை மருத்துவரிடம் கூட்டிப்போனாள். இன்று என்ன கிழமை என்று கேட்டார்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். அவர் சரியாகத்தான் சொன்னாராம். ஆனாலும் சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் மகள் முகத்தைப் பார்த்தாராம். வண்டிச் சாவியை அவரே கழற்றிக் கொடுத்துவிட்டார். அடுப்பங்கரைக்குப் போவதில்லை. வீட்டில் அலமாரிக்கு அலமாரி சீட்டு ஒட்டியிருக்கிறது. நாற்பது வருடம் சேர்த்த புத்தகங்களை நம் நூலகத்துக்கே கொடுத்துவிட்டார். நான்தான் அட்டை போட்டேன், கூலி வாங்கவில்லை.

நான்காவது தாளை அவர் படிக்கவே இல்லை. புத்தகத்தை வாங்க வரவில்லை, நானும் எடுக்க மறந்துவிட்டேன். அது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு கல்லூரி மாணவி அதைப் படித்துத் தேர்வில் எழுதி, அவளுடைய பேராசிரியை உங்களிடம் சண்டைக்கு வந்ததால்தான் இந்த விசாரணை. அந்தப் பெண்ணுக்கு ஆறு மதிப்பெண் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். வருத்தமாக இருக்கிறது.

வாத்தியார் விஷயத்தில் மட்டும் நீங்கள் என்னைத் தவறாக நினைத்துவிடக் கூடாது. அவரைப் பார்க்க யாரும் போகாதபோது நான்தான் போனேன். நான்கு மாதமாகத் தினமும் சாயங்காலம் அவர் வீட்டில் ஒரு மணி நேரம் நாவல் வாசிக்கிறேன். "என் கண்ணை நான் நம்பறதில்லைங்க. நீங்க படிச்சா சரியா இருக்கும்" என்று அவரே கேட்டார். அவரைப் போல ஒரு ரசிகர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். குறுக்கே பேசுவதில்லை. வருடம் சொல்வதில்லை. மகளும் என்னைச் 'சித்தப்பா' என்றுதான் கூப்பிடுகிறாள்.

வாத்தியாரிடம் உண்மை முழுவதையும் என் வாயால் சொல்ல வேண்டும், அவர் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிய வேண்டும் என்பது இந்த விசாரணையை முடிக்க நீங்கள் வைத்த நிபந்தனை. நியாயமான நிபந்தனை. நேற்றே நிறைவேற்றிவிட்டேன். இதுவரை எழுதியதை ஒரு வரி விடாமல் அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஏற்ற இறக்கத்தோடு, அவசரமில்லாமல் வாசித்தேன். புதிதாக வந்திருக்கும் நாவல் என்று மட்டும் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டேன்.

அவர் அசையாமல் கேட்டார். மருத்துவர் வரும் இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

"அந்த வாத்தியார் பாவம்ங்க," என்றார். "யாராவது போய் அவர்கிட்டச் சொல்லிடலாமே, உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு."

நாவலுக்குள் போய் யாராலும் எதையும் சொல்ல முடியாது சார் என்று அவருக்குப் புரியும்படி விளக்கினேன். அவர் ஒப்புக்கொண்டார். ஆகவே, செயலாளர் அம்மா, அவரிடம் நான் எதையும் மறைக்கவில்லை.