புதுக் கோயிலின் முட்டுகள்

சுண்ணாம்புச் சுவருக்குள் வெயில் இறங்காது, சார். சித்திரை மாதத்திலும் எங்கள் மாதா கோயிலுக்குள் உட்கார்ந்தால் துண்டைத் தோளில் போர்த்திக்கொள்ளத் தோன்றும். முந்நூறு வருஷத்துக் கட்டடம். கடத்தூர்ப் பக்கம் நாற்பது வீடுள்ள ஊர் எங்களுடையது. பாதி வீடு கிறிஸ்தவர்கள். இருபத்தாறு வருஷமாக அந்தக் கோயிலைக் கூட்டி, மெழுகுவத்தி ஏற்றி வந்த கோயில்பிள்ளை நான். பெயர் ராயப்பன்.

போன கார்த்திகையில் பூசை நடக்கும்போது கூரையிலிருந்து ஒரு காரைக்கட்டி, பூசைக்கு வந்திருந்த மலர்விழியின் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்துவிட்டது. வயதான கட்டடம், கொஞ்சம் உதிரத்தான் செய்யும். ஆனால் ஊர் பயந்துபோயிற்று. பங்குச் சாமியார் கூட்டம் கூட்டினார். பக்கத்திலேயே கான்கிரீட்டில் புதுக்கோயில் கட்டுவது, அது முடிந்ததும் பழையதை இடிப்பது என்று முடிவானது. நான் ஒருவன்தான் வேண்டாம் என்றேன். என் தம்பி சின்னப்பன் எழுந்து நின்றான்.

"ஒரு உசுரு போனாத்தாண்ணா உனக்குப் புரியும்போல."

அந்தப் பேச்சை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்தேன். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. தோள் முறிந்ததற்கே ஒரு கோயிலைக் கைவிடுகிறார்கள் என்றால், உயிர் போன இடத்தில் யார் முழங்கால் போடுவார்கள்?

சுவர் எழும்பி, போன வாரம் திங்கட்கிழமை புதுக்கோயிலுக்குக் கூரைத்தளம் போட்டார்கள். மேஸ்திரி முனிராஜ் நல்ல வேலைக்காரர். குறை சொல்ல முடியாது. தளத்தைத் தாங்கி நிற்கும் முட்டுகளை, அது இறுகும்வரை மூன்று வாரத்துக்குத் தொடக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தார். வியாழக்கிழமை விடியற்காலையில், ஆட்கள் வருவதற்கு முன்னால், நடுவரிசை முட்டுகளின் ஆப்புகளைத் தளர்த்திவிட்டேன்.

அன்றைக்கு வந்தவர்கள் மூன்று பேர்: முனிராஜ், தளத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற பையன் மாது, சித்தாள் சசிகலா. மதியம் புளியமரத்தடியில்தான் சாப்பிடுவார்கள். அங்கே செவ்வெறும்பு ஏறிக்கிடக்கிறது, தளத்துக்குக் கீழே குளுகுளுவென்று இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். தண்ணீர்க் குடத்தையும் உள்ளே கொண்டுபோய் வைத்தேன். பொழுதுக்கும் வெயிலில் நின்றவர்கள். சந்தோஷமாகப் போய் உட்கார்ந்தார்கள்.

சம்மட்டியோடு ஓரத்து முட்டுக்குப் போனேன். சசிகலா வாயில் சோற்றோடு திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்கண்ணா பண்றீங்க?"

"ஆப்பு லூசா இருக்கும்மா. இறுக்கறேன். நீ சாப்புடு."

வெளியே நின்றபடி ஓரத்து முட்டுகளை ஒவ்வொன்றாக அடித்தேன்; நாலாவது சாய்ந்ததும் தளம் மொத்தமாக இறங்கியது. முனிராஜுக்கு எழுந்திருக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. நெஞ்சுக்கு மேலே எதுவும் மிஞ்சவில்லை. மாது வெளியே ஓடிவரப் பார்த்தான். உள்ளேயிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பி ஒன்று கழுத்தில் பாய்ந்து, அப்படியே தொங்கினான். கொஞ்ச நேரம் கால் உதைத்துக்கொண்டது. பிறகு இல்லை.

ஊரில் பாதிப்பேர் களத்துமேட்டில் இருந்தார்கள். ஓடிவர ஐந்து நிமிஷமாவது ஆகும். அதற்குள் ஜல்லிக்கடியில் முனகல் கேட்டது. பலகையைத் தூக்கிப் பார்த்தேன். சசிகலாவுக்கு இடுப்புக்குக் கீழேதான் அடி. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. என் கையிலிருந்த சம்மட்டியைப் பார்த்தாள்.

"நீங்க இறுக்கலீங்கண்ணா," என்றாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தால் பிழைத்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

சனிக்கிழமை அடக்கப் பூசை. முனிராஜும் மாதுவும் இந்துக்கள். அவர்களைத் தருமபுரி ஆஸ்பத்திரியிலிருந்தே அவரவர் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சசிகலா எங்கள் சபைப்பிள்ளை. பழைய கோயில் நிரம்பி, வாசல்வரை சனம் நின்றது. இடிக்கிற பேச்சை இப்போதைக்கு யாரும் எடுக்க வேண்டாம் என்று சாமியாரே சொன்னார். நான் பீடத்துப் பக்கம் நின்று அழுதேன். அந்த அழுகை நடிப்பில்லை.

உங்கள் போலீஸ் ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினார்கள். தளம் விழுந்து மூவர் மரணம் என்று எழுதியிருக்கிறது. அதை இரண்டு என்று திருத்திக்கொள்ளுங்கள், சார். சசிகலாவின் தலையில் இருக்கிற அடி சம்மட்டி அடி. செய்யாத கொலையை அந்தக் கட்டடத்தின் மேல் போடுவது பாவம்.